நிலத்துக்குத் தேதி போட்ட கம்ப்யூட்டர்

கடலூர் மஞ்சக்குப்பத்தில், கோர்ட்டுக்கு நடந்து போகிற தூரத்தில் இருந்த ஒரு டைப்பிங் கடையில்தான் நான் தொழில் பழகினேன். சேர்ந்த இரண்டாவது வாரம் ஒரு கிரயப் பத்திரத்தின் டிராஃப்ட் என் கைக்கு வந்தது. சொத்து விவரத்தைப் பட்டியலாகப் போட வேண்டும். மூன்று சர்வே எண்கள்: 7/4, 7/11, 62/3. அழகாகக் கட்டம் போட்டு, டைப் செய்து, பிரிண்ட் எடுத்துக் கொடுத்தேன். நிலத்துக்குச் சொந்தக்கார அம்மா காகிதத்தைக் கை நீளத்துக்குத் தள்ளி வைத்துப் படித்தார். பிறகு என்னைப் பார்த்துக் கேட்டார்: "தம்பி, 62/3 சரியா இருக்கு. மத்த ரெண்டு நிலத்துக்கும் எதுக்குத் தேதி போட்டிருக்கே?"

எட்டிப் பார்த்தேன். 7/4 என்று நான் அடித்தது 07/04 ஆகி, பின்னால் நடப்பு ஆண்டையும் ஒட்டிக்கொண்டு நின்றது. 7/11-க்கும் அதே கதி. 62/3 மட்டும் தப்பியிருந்தது, ஏனென்றால் எந்த மாதத்திலும் 62-ஆம் தேதி கிடையாது. அந்த அம்மா படிக்காமல் வாங்கிப் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்தால் இன்றைக்கும் வயிற்றைக் கலக்கும்.

டைப்பிங் கடை, பத்திர எழுத்தர் அலுவலகம், பள்ளி அலுவலகம், சங்கக் கணக்கு என்று எங்கேயாவது புதிதாக வேலைக்கு உட்காருகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். கம்ப்யூட்டரில் பெரிய பழக்கம் தேவையில்லை. மெனுவைத் திறக்கத் தெரிந்தால் போதும். மெனு பெயர்களை ஆங்கிலத்தில் திரையில் தெரிகிற மாதிரியே சொல்கிறேன். மெனுவைத் தமிழில் வைத்திருப்பவர்களுக்குப் பெயர் வேறாக இருக்கும், இருக்கிற இடம் அதேதான்.

முதலில், எதில் டைப் செய்கிறீர்கள்?

இதைக் கேட்காமல் வழி சொல்லவே முடியாது. லிப்ரேஆபிஸ் ரைட்டர், மைக்ரோசாஃப்ட் வேர்டு, எக்செல் மூன்றும் எண்ணை வேறு வேறு மாதிரி நடத்துகின்றன.

ரைட்டரில் சாதாரணப் பத்தியில் 7/4 என்று அடித்தால் அது 7/4 ஆகவே இருக்கும். டேபிள் போட்டு அதன் கட்டத்துக்குள் அடிக்கும்போதுதான் வம்பு. எண்ணை அடையாளம் காணும் வசதி அங்கே இயங்கிக்கொண்டிருந்தால், நீங்கள் டேப் தட்டி அடுத்த கட்டத்துக்குப் போன கணத்தில், விட்டுவந்த கட்டத்தில் இருப்பதை ரைட்டர் படித்துப் பார்க்கிறது. தேதி மாதிரி தெரிந்தால் தேதியாக்கிவிடுகிறது. கர்சர் அந்தக் கட்டத்துக்குள் இருக்கும்வரை எதுவும் நடக்காது. அதனால்தான் கண்ணில் படுவதில்லை. நம் கண் அதற்குள் அடுத்த கட்டத்துக்குப் போயிருக்கும்.

வேர்டு டேபிளில் இந்த வேலை நடக்காது. அதில் வேறு சேட்டைகள் உண்டு, பின்னால் சொல்கிறேன். எக்செல், லிப்ரேஆபிஸ் கால்க் இரண்டிலும் எங்கே அடித்தாலும் தேதிப் பரிசோதனை உண்டு. பலர் எக்செலில் அடித்து வேர்டில் கொண்டுவந்து ஒட்டுகிறார்கள். அப்போது கெட்டுப்போன எண்ணே வந்து ஒட்டிக்கொள்ளும். வேர்டைத் திட்டிப் பிரயோஜனம் இல்லை.

ரைட்டரில் நிறுத்துவது

1. டேபிளுக்குள் ஏதாவது ஒரு கட்டத்தில் கர்சரை வையுங்கள்.

2. மேலே "டேபிள்" மெனுவைத் திறந்து "நம்பர் ரெகக்னிஷன்" என்பதைத் தேடுங்கள். பக்கத்தில் டிக் இருந்தால் வசதி இயங்குகிறது என்று பொருள். ஒரு கிளிக்கில் டிக் போய்விடும்.

3. சோதித்துப் பாருங்கள். காலிக் கட்டம் ஒன்றில் 7/4 அடித்து டேப் தட்டுங்கள். 7/4 அப்படியே இடதுபக்கம் ஒட்டி நின்றால் சரி.

இதையே "டூல்ஸ்" மெனுவில் "ஆப்ஷன்ஸ்" திறந்து, "லிப்ரேஆபிஸ் ரைட்டர்" பிரிவில் "டேபிள்" என்ற பக்கத்திலும் செய்யலாம். அங்கே மூன்று டிக் பெட்டிகள் தெரியும். முதலாவது எண்ணை எண்ணாக அடையாளம் காண்பது. இரண்டாவது அந்த எண்ணின் வடிவத்தை, அதாவது தேதியா சதவீதமா ரூபாயா என்பதை, அடையாளம் காண்பது. மூன்றாவது எண்ணை வலதுபக்கம் ஒதுக்குவது. முதலாவதை எடுத்துவிட்டாலே போதும்.

இரண்டு விஷயம் நினைவில் வையுங்கள். ஒன்று, இது அந்த ஃபைலுக்கான அமைப்பு இல்லை, அந்தக் கம்ப்யூட்டரில் இருக்கிற ரைட்டருக்கான அமைப்பு. பக்கத்து மேசையில் போய் உட்கார்ந்தால் அங்கே மறுபடி பார்க்க வேண்டும். இன்னொன்று, ஏற்கெனவே மாறிப்போன கட்டங்கள் இதனால் தானாகத் திரும்பி வராது. மாறின அந்த நொடியிலேயே கண்டுவிட்டால் கன்ட்ரோல்-இசட் தட்டிப் பாருங்கள். நேரம் கடந்துவிட்டால் கட்டத்தை வழித்துவிட்டு மறுபடி அடிப்பதுதான் சுத்தமான வழி.

இந்த வசதி தேதியை மட்டும் கெடுப்பதில்லை. எங்கள் கடைக்கு வரும் முகவரிப் பட்டியல்களில் கடலூர் எண்களுக்கு முன்னால் 04142 என்றும் பாண்டிச்சேரி எண்களுக்கு 0413 என்றும் இருக்கும். எண் என்று எடுத்துக்கொண்டால் முன்னால் இருக்கிற பூஜ்யத்துக்கு மதிப்பில்லை, 4142, 413 என்று நிற்கும். முகவரிப் பட்டியல், உறுப்பினர் பட்டியல் என்றால் யோசிக்காமல் அணைத்துவிடுங்கள்.

அணைக்க முடியாத நிலையில்

சில டேபிளில் ஒரு நெடுவரிசை சர்வே எண்ணாகவும் இன்னொன்று தொகையாகவும் இருக்கும். தொகையைக் கீழே கூட்ட வேண்டும், அதனால் தொகை எண்ணாகவே இருக்க வேண்டும். அப்போது மொத்தமாக அணைக்காமல், சர்வே எண் வரப்போகிற கட்டங்களை மட்டும் தேர்ந்தெடுத்து, "டேபிள்" மெனுவில் "நம்பர் ஃபார்மட்" திறந்து, இடதுபக்கப் பட்டியலில் "டெக்ஸ்ட்" என்பதைக் கொடுங்கள். இந்தக் கட்டங்களில் வருவது வெறும் எழுத்து என்று முன்கூட்டியே சொல்லிவைக்கிறோம். அதன் பிறகு 7/4 என்ன, 1/1 அடித்தாலும் தொடாது.

வரிசை முக்கியம். முதலில் டெக்ஸ்ட், பிறகு டைப்பிங். தலைகீழாகச் செய்தால் கெட்டுப்போனதற்கு டெக்ஸ்ட் என்று முத்திரை குத்தியதாகத்தான் ஆகும்.

எனக்குப் பிடித்த வழி இன்னொன்று இருக்கிறது. சர்வே எண்ணோடு நாள்தோறும் மல்லுக்கட்டுகிறவர்கள் இதைச் செய்துவைத்தால் நிம்மதி. "டூல்ஸ்", "ஆப்ஷன்ஸ்" போய், மொழி அமைப்புகள் உள்ள பக்கத்தைத் திறங்கள். பழைய பதிப்புகளில் "லாங்குவேஜ் செட்டிங்ஸ்" என்றும் புதியவற்றில் "லாங்குவேஜஸ் அண்ட் லொகேல்ஸ்" என்றும் இருக்கும். அங்கே "டேட் ஆக்செப்டன்ஸ் பேட்டர்ன்ஸ்" என்று ஒரு சின்னப் பெட்டி. எந்தெந்த உருவத்தில் அடித்தால் தேதி என்று எடுத்துக்கொள்ள வேண்டும் என்பதை அதில் டி, எம், ஒய் என்ற எழுத்துகளால் எழுதி, நடுவில் அரைப்புள்ளி போட்டுப் பிரித்து வைத்திருப்பார்கள். டி நாள், எம் மாதம், ஒய் ஆண்டு. நாள், மாதம், ஆண்டு மூன்றும் உள்ள உருவம் ஒன்று, நாளும் மாதமும் மட்டும் உள்ள உருவம் ஒன்று என்று இருந்தால், அந்த இரண்டாவது துண்டை மட்டும் அழித்துவிடுங்கள். இனி 7/4 தேதி ஆகாது. 7/4/1998 என்று முழுசாக அடித்தால் மட்டும் தேதி ஆகும். கால்க்கிலும் இதே விதிதான் நடக்கும்.

ஒரு விதிவிலக்கு. ஆண்டு-மாதம்-நாள் என்று கோடு போட்டு எழுதும் உலகத் தர உருவத்தை அந்தப் பெட்டியில் இல்லாவிட்டாலும் லிப்ரேஆபிஸ் ஏற்கும். பாண்டிச்சேரிப் பத்திரங்களில் பரப்பளவை ஹெக்டேர், ஆர், சென்டியார் என்று மூன்று எண்ணாகப் பிரித்து எழுதுவது வழக்கம். அதை நடுவில் கோடு போட்டு எழுதினால் பார்வைக்குத் தேதி மாதிரியே இருக்கும். அந்தக் கட்டங்களுக்கும் டெக்ஸ்ட் கொடுத்துவிடுவது நல்லது.

கண்ணுக்குத் தெரியாத தப்பு

சர்வே எண் தேதியானால் யாராவது ஒருவர் சிரித்துக்கொண்டே சொல்லிவிடுவார். தேதி இன்னொரு தேதியானால்? அதை யாரும் கவனிக்க மாட்டார்கள். புதிதாக வருகிறவர்கள் இந்த இடத்தில்தான் நிதானமாகப் படிக்க வேண்டும்.

பாண்டிச்சேரியிலிருந்து ஒரு பெரியவர் ஊர் வரலாற்றுத் தேதிகளைப் பட்டியலாகக் கொண்டுவந்தார். ஆண்டு விழா மலருக்கு வேண்டும் என்றார். கடையில் புதிதாக வாங்கிய லேப்டாப்பில் எக்செல் திறந்து அடித்தேன். கீழூர் வாக்கெடுப்பு 18/10/1954. பாண்டிச்சேரி இந்தியாவோடு இணைந்தது 1/11/1954. சட்டப்படி இணைப்பு முழுமையானது 16/8/1962. கடலூர் தனி மாவட்டமானது 30/9/1993. சுனாமி 26/12/2004. தானே புயல் 30/12/2011. ஆறும் திரையில் நான் அடித்த மாதிரியே இருந்தன. ஃபைலை அவருக்கு அனுப்பினேன். மறுநாள் போன்: "என்ன தம்பி, பாண்டிச்சேரிக்கு ஜனவரி 11-லயே விடுதலை வாங்கிக் குடுத்துட்டே!"

நடந்தது இதுதான். புது லேப்டாப் அமெரிக்க அமைப்போடு வந்திருந்தது. அமெரிக்காவில் மாதம் முதலில், நாள் பிறகு. 1/11/1954 என்று நான் அடித்ததை அது ஜனவரி 11 என்று எடுத்துக்கொண்டது. காட்டும்போதும் அமெரிக்க முறையிலேயே 1/11/1954 என்று காட்டியது. நான் அடித்ததும் அது காட்டியதும் ஒன்றாகவே இருந்ததால் சந்தேகப்பட வழியே இல்லை. பெரியவரின் கம்ப்யூட்டரில் இந்திய அமைப்பு. அங்கே திறந்ததும் அதே ஜனவரி 11 நம் முறைப்படி 11-01-1954 என்று தெரிந்தது.

மற்ற ஐந்தும் ஏன் தப்பின? அவற்றின் நாள் எண்கள் 18, 16, 30, 26, 30. அமெரிக்க முறையில் முதலில் வருவது மாதம். பதினெட்டாவது மாதம் என்று ஒன்று இல்லாததால் அவற்றைத் தேதியாக எடுக்காமல் வெறும் எழுத்தாக விட்டுவிட்டது. நாள் எண் 12-க்குள் இருக்கிற தேதிகளில்தான் நாளும் மாதமும் இடம் மாறும். ஒரே பட்டியலில் பாதி சரி, பாதி தப்பு என்று கலந்து கிடக்கும். அதைவிட மொத்தமும் தப்பாக இருந்தால் தேவலை.

அன்றைக்கு நான் கொஞ்சம் உற்றுப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும் ஓர் அடையாளம் இருந்தது. 1/11/1954 கட்டத்தின் வலதுபக்கம் ஒட்டி நின்றது. மற்ற ஐந்தும் இடதுபக்கம். எண்ணையும் தேதியையும் எக்செலும் கால்க்கும் வலதுபக்கம் ஒதுக்கும், எழுத்தை இடதுபக்கம் விடும். நடுவில் வை, இடதில் வை என்று நாமாக அழகுபடுத்தும் முன், பட்டியலை மேலிருந்து கீழாக ஒரு பார்வை பாருங்கள். ஒரே நெடுவரிசையில் சில வலது, சில இடது என்று பல் வரிசை தப்பினாற்போல் இருந்தால் உள்ளே கோளாறு. ரைட்டர் டேபிளிலும் மூன்றாவது டிக் இருந்தால் இந்த அடையாளம் உதவும்.

திருத்துவது இரண்டு படி. முதல் படி, விண்டோஸ் அமைப்பு. "செட்டிங்ஸ்" திறந்து, "டைம் அண்ட் லாங்குவேஜ்" பிரிவில், "ரீஜனல் ஃபார்மட்" என்ற இடத்தில் இங்கிலிஷ் இந்தியா அல்லது தமிழ் இந்தியா என்று மாற்றுங்கள். லிப்ரேஆபிஸில் "லொகேல் செட்டிங்" என்பது "டீஃபால்ட்" என்று இருந்தால் விண்டோஸ் சொல்வதையே கேட்கும். தனியாக அமெரிக்கா என்று கொடுத்திருந்தால் அங்கேயும் மாற்ற வேண்டும்.

இரண்டாவது படியைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். அமைப்பை மாற்றுவது இனிமேல் அடிப்பதற்குத்தான். ஏற்கெனவே ஜனவரி 11 என்று உள்ளே போனது ஜனவரி 11 ஆகவே இருக்கும், காட்டுகிற முறை மட்டும் மாறும். கையெழுத்துப் பிரதியை வைத்துக்கொண்டு, நாள் 12-க்குள் இருக்கிற தேதிகளை ஒவ்வொன்றாக மறுபடி அடிக்க வேண்டும். குறுக்கு வழி கிடையாது.

படிக்கிறவருக்குக் குழப்பமே வேண்டாம் என்றால் மாதத்தை எழுத்தில் எழுதுங்கள். நம் ஊர்ப் பத்திரங்கள் "1998-ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் 7-ஆம் தேதி" என்றுதானே தொடங்குகின்றன? பாண்டிச்சேரியில் பிரெஞ்சுக் காலத்துப் பிறப்புப் பதிவைப் பார்த்திருந்தால் தெரியும், அதில் ஆண்டைக்கூட எண்ணில் போடாமல் எழுத்தாலேயே எழுதியிருப்பார்கள். கம்ப்யூட்டர் வருவதற்கு முன்பே அவர்களுக்கு எண்ணின் மேல் நம்பிக்கை இல்லை போலிருக்கிறது.

அரசு கடிதங்களில் வருவது போல 7.4.1998 என்று புள்ளி வைத்து எழுதுவதும் பெரும்பாலும் தப்பிக்க உதவும். ஆனால் இரண்டு எண் மட்டும் இருந்தால் புள்ளி காப்பாற்றாது. மாலை 6.30 என்ற அர்த்தத்தில் வெறும் 6.30 அடித்தால் அது தசம எண் ஆகி, கடைசிப் பூஜ்யம் உதிர்ந்து 6.3 என்று நிற்கும்.

எக்செலிலும் கால்க்கிலும்

ஒன்றிரண்டு கட்டம் என்றால் எண்ணுக்கு முன்னால் ஒற்றை மேற்கோள் குறி ஒன்றைத் தட்டி, பிறகு 7/4 அடியுங்கள். குறி திரையிலும் பிரிண்டிலும் வராது, எண் அப்படியே நிற்கும். கூகுள் ஷீட்ஸிலும் இது செல்லும், போனில் வேலை பார்க்கிறவர்களுக்குக் கைகொடுக்கும். நிறையக் கட்டம் என்றால் நெடுவரிசையின் தலைப்பைக் கிளிக் செய்து மொத்தமாகத் தேர்ந்தெடுத்து, எக்செலில் "ஹோம்" பட்டையில் "ஜெனரல்" என்று காட்டும் பெட்டியை "டெக்ஸ்ட்" ஆக்குங்கள். கால்க்கில் "ஃபார்மட் செல்ஸ்" போய் அதே டெக்ஸ்ட்.

இங்கேயும் முதலில் டெக்ஸ்ட், பிறகு டைப்பிங். பிந்திக் கொடுத்தால் என்ன ஆகும் என்று ஒரு முறை வேண்டுமென்றே செய்து பாருங்கள். 15/8/2024 என்று அடித்து, தேதியானதும் டெக்ஸ்ட் கொடுங்கள். 45519 என்று ஒரு எண் வந்து நிற்கும். பயப்பட வேண்டாம். எக்செலுக்குத் தேதி என்பது 1900 ஜனவரி 1-ஐ ஒன்று என்று வைத்து எண்ணிக்கொண்டே வரும் நாள் கணக்கு. நம் கண்ணுக்குக் காட்டும்போதுதான் அதற்குத் தேதி வேஷம் போடுகிறது. டெக்ஸ்ட் கொடுத்ததும் வேஷம் கலைந்துவிடுகிறது, அவ்வளவுதான். கணக்கு 1900-இல் தொடங்குவதால் அதற்கு முந்தைய தேதிகளை எக்செல் தேதியாகவே ஏற்பதில்லை. ஊர் வரலாறு எழுதுகிறவர்களுக்கு அது ஒருவகையில் வசதிதான்.

எக்செல் இன்னொரு படி மேலே போகும். 5/45 என்று அடித்தால், 45-ஆம் தேதி இல்லையே என்று விட்டுவிடாது, 45-ஐ ஆண்டாக வைத்து மே மாதம் என்று எடுத்துக்கொள்ளும். சர்வே எண்ணில் உட்பிரிவு 45 வரை போவது நம் பக்கம் சாதாரணம். கால்க் இந்த அளவுக்கு ஆர்வம் காட்டாது.

யாராவது சி.எஸ்.வி. ஃபைல் (காற்புள்ளி போட்டுப் பிரித்த வெறும் எழுத்துப் பட்டியல்) அனுப்பினால் அதை டபுள் கிளிக் செய்து எக்செலில் திறக்காதீர்கள். திறந்ததுமே மாற்றிவிடும், நீங்கள் ஒரு எழுத்தும் அடித்திருக்க மாட்டீர்கள். "டேட்டா" பட்டையில் டெக்ஸ்ட் ஃபைலிலிருந்து கொண்டுவரும் வழியில் போய், அந்த நெடுவரிசைக்கு டெக்ஸ்ட் என்று சொல்லித் திறக்க வேண்டும். கால்க் திறக்கும்போதே ஒரு பெட்டி காட்டிக் கேட்கும். கீழே மாதிரியில் நெடுவரிசையைக் கிளிக் செய்து, வகையை டெக்ஸ்ட் ஆக்கிவிடலாம்.

இதெல்லாம் மஞ்சக்குப்பத்துக்கு மட்டும் வந்த சோதனை என்று நினைக்க வேண்டாம். மனித மரபணுக்கள் சிலவற்றின் சுருக்கப் பெயர்கள் மார்ச் 1, செப்டம்பர் 1 என்பதற்கான ஆங்கிலச் சுருக்கம் போலவே இருந்தன. ஆராய்ச்சியாளர்கள் அடிக்க அடிக்க எக்செல் அவற்றைத் தேதியாக்கிக்கொண்டே இருந்தது. கடைசியில் மரபணுக்களுக்குப் பெயர் வைக்கும் குழு 2020-இல் அந்தப் பெயர்களையே மாற்றிவிட்டது. எக்செல் தன் பக்கம் 2023-இல்தான் இறங்கிவந்து, எழுத்தும் எண்ணும் ஒட்டி வருவதைத் தேதியாக்காமல் இருக்க ஒரு டிக் பெட்டி கொடுத்தது. "ஆப்ஷன்ஸ்" பக்கத்தில் "டேட்டா" என்ற பிரிவில் இருக்கிறது. அதில் முன்பூஜ்யத்தை நீக்குவதற்கும் தனியாக ஒரு டிக் உண்டு, 04142 அடிக்கிறவர்கள் அந்த டிக்கை எடுத்துவிடலாம். 7/4-க்கு அது மருந்தில்லை.

வேர்டின் சேட்டைகள்

வேர்டு 7/4-ஐத் தொடாது. ஆனால் சர்வே எண் 1/2 என்று அடித்து ஸ்பேஸ் தட்டினால் ½ ஆக்கிவிடும். 1/4, 3/4 இரண்டுக்கும் அதே கதி. அரை ஏக்கர் என்று எழுதும்போது அழகாக இருக்கும் குறி, சர்வே எண்ணில் வந்தால் அபத்தம். யூனிகோடு இல்லாத பழைய தமிழ் எழுத்துருக்கள் சிலவற்றில் அந்தக் குறியின் இடத்தில் வேறு தமிழ் எழுத்து உட்கார்ந்திருக்கும், அப்போது பார்க்கவே வேண்டாம். மாறின உடனே கன்ட்ரோல்-இசட் ஒரு முறை தட்டினால் திரும்ப 1/2 ஆகும். நிரந்தரமாக நிறுத்த "ஃபைல்", "ஆப்ஷன்ஸ்", "ப்ரூஃபிங்", "ஆட்டோகரெக்ட் ஆப்ஷன்ஸ்" என்று உள்ளே போங்கள். அங்கே "ஆட்டோஃபார்மட்" என்று ஒன்றும் "ஆட்டோஃபார்மட் ஆஸ் யூ டைப்" என்று ஒன்றும் பக்கம் பக்கமாக இருக்கும். இரண்டிலும் பின்னத்துக்கான டிக் உண்டு. நீங்கள் எடுக்க வேண்டியது இரண்டாவதில். முதலாவதில் எடுத்துவிட்டு "ஒன்றும் மாறவில்லையே" என்று முழித்தவர்களில் நானும் ஒருவன்.

ஆங்கிலத்தில் நடப்பு மாதத்தின் பெயரை அடித்து ஸ்பேஸ் தட்டினால் மேலே ஒரு சின்னப் பெட்டி எட்டிப் பார்த்து, என்டர் தட்டச் சொல்லும். அடுத்த வரிக்குப் போக என்டர் தட்டினால் இன்றைய தேதி வந்து உட்கார்ந்துவிடும். "ஆப்ஷன்ஸ்" பக்கத்தில் "அட்வான்ஸ்டு" பிரிவில் "ஆட்டோகம்ப்ளீட்" டிக்கை எடுத்தால் அது ஒழிந்தது.

தானே நகரும் தேதி

இது வேறு வகை. வாடகை ஒப்பந்தம், அனுபவச் சான்று, கடிதம் எல்லாவற்றிலும் மேலே தேதி போடுகிறோம். வேர்டில் "இன்சர்ட்" பட்டையில் "டேட் அண்ட் டைம்" திறந்து தேதியைக் கொடுக்கும்போது, கீழே "அப்டேட் ஆட்டோமேட்டிக்கலி" என்ற டிக் இருந்தால், அது தேதி இல்லை, அன்றன்றைய நாளைக் காட்டும் ஜன்னல். மார்ச்சில் கொடுத்த கடிதத்துக்கு நகல் வேண்டும் என்று ஆகஸ்டில் வந்து கேட்டால், ஆகஸ்ட் தேதியோடு பிரிண்ட் வரும். கையெழுத்துப் போட்ட மூலத்தில் ஒரு தேதி, நகலில் இன்னொரு தேதி. ஆல்ட்-ஷிஃப்ட்-டி தட்டினால் வருவதும் இதே நகரும் தேதிதான், கை தவறியும் தட்டிவிடலாம்.

கண்டுபிடிக்க, தேதியின் மேல் ஒரு கிளிக். சாம்பல் நிறத்தில் பின்புறம் மின்னினால் நகரும் தேதி. அது காட்டும் நாள் சரியான நாளாக இருக்கும்போதே, அதைத் தேர்ந்தெடுத்து கன்ட்ரோல்-ஷிஃப்ட்-எஃப்9 தட்டினால் வெறும் எழுத்தாக உறைந்துவிடும். பிறகு அது அசையாது. பழைய ஃபைலைத் திறந்து நாள் ஏற்கெனவே மாறிவிட்டது என்றால் உறைய வைத்துப் பயனில்லை. மூலத்தைப் பார்த்துக் கையால் திருத்திவிட்டு, நகரும் தேதியை அழித்துவிடுங்கள்.

ரைட்டரில் "இன்சர்ட்" மெனுவில் "ஃபீல்டு", "டேட்" என்று கொடுத்தால் நிலையான தேதியே வரும், அது நகராது. கன்ட்ரோல்-எஃப்2 தட்டி வரும் பெட்டியில் மட்டும் "டேட்", "டேட் ஃபிக்ஸ்டு" என்று இரண்டும் இருக்கும். கடிதத்துக்கு ஃபிக்ஸ்டு. வாடிக்கையாளருக்குக் கொடுத்ததன் நகலை பி.டி.எஃப். ஆகவும் ஒரு பிரதி வைத்துக்கொள்ளுங்கள், அதில் எந்தத் தேதியும் நகராது.

புது மேசையில் உட்காரும்போது

எங்கள் கடையில் இப்போது புதிதாக வருகிறவர்களுக்கு நான் கொடுக்கும் முதல் வேலை பத்திரம் இல்லை. ரைட்டரில் இரண்டு கட்டம் உள்ள ஒரு டேபிள் போடச் சொல்வேன். முதல் கட்டத்தில் 7/4, டேப். இரண்டாவதில் 04142, டேப். பிறகு எக்செலில் 1/11/1954 அடித்து, அந்தக் கட்டத்தின் வடிவத்தை "லாங் டேட்" ஆக்கச் சொல்வேன். அதில் மாதம் எழுத்தில் வரும். நவம்பர் என்று வந்தால், வேலையை ஆரம்பி என்பேன். ஜனவரி என்று வந்தால் அன்றைக்கு முதல் வேலை விண்டோஸ் அமைப்பை மாற்றுவது.